நான்கிலிருந்து மூன்றுக்கு

என் வண்டியின் கியர் கம்பி உச்சியில் ஒரு கறுப்பு உருண்டை இருக்கிறது. அது அந்த வண்டியோடு வந்ததல்ல. வண்டி புதிது, உருண்டை பழையது. அதன் தலையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று கியர் வரிசை வெள்ளைக் கோடாகப் பொறித்திருந்த காலம் உண்டு. என் மாமனாரின் உள்ளங்கை அதை முழுக்கத் தேய்த்துவிட்டது. இப்போது தடவிப் பார்த்தால் மூன்றின் வளைவு மட்டும் விரலுக்குத் தட்டுப்படும். புது வண்டியை எடுத்துவந்த அன்றே கம்பெனி கொடுத்ததைக் கழற்றிவிட்டு இதைப் போடச் சொன்னேன். மரை சேரவில்லை. மெக்கானிக் பாய் தலையில் அடித்துக்கொண்டு, உள்ளே ஒரு பித்தளைத் துண்டைச் செருகித் திருகிக் கொடுத்தார். "உங்க மாமனாரு பிடிவாதத்த எடுத்துக்கினு போவலம்மா. உங்ககிட்ட குடுத்துட்டுப் போயிருக்காரு" என்றார். போகட்டும், யாரிடமாவது இருக்க வேண்டியதுதானே!

எங்களுக்கு முதலியார்பேட்டையில் வாடகைக் கடை. நாற்காலி, மேசை, பந்தல் துணி, அண்டா, பிரியாணி தேக்சா, மேடை விரிப்பு, சீரியல் விளக்கு என்று ஒரு கல்யாணத்துக்கு மனிதர்களைத் தவிர மற்ற எல்லாம் எங்களிடம் கிடைக்கும். அதை ஏற்றி இறக்க ஒரு மினி லாரி. கடையை வைத்துக் கொடுத்தவரும் லாரியை வாங்கியவரும் மாமாதான். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். எங்கள் ஊரில் அப்படி இருந்து திரும்பியவர்களை சொல்தா என்பார்கள். மாதம் பிறந்தால் அங்கிருந்து பென்ஷன் வந்துவிடும். மற்ற சொல்தாக்கள் சாயங்காலம் கடற்கரையில் இரும்புக் குண்டு வீசி விளையாடுவார்கள், மாதா கோயில் வாசலில் நின்று பிரெஞ்சில் பேசிக்கொள்வார்கள். இவர் காக்கி அரைக்கால் சட்டையைப் போட்டுக்கொண்டு லாரி ஓட்டினார். "பென்ஷன் வாங்குற மனுஷனுக்கு இன்னா தலையெழுத்து?" என்று தெருவில் கேட்பவர்களுக்கு அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: "உக்காந்தா துரு புடிச்சிடும்."

ராணுவத்திலும் அவருக்கு லாரி ஓட்டுகிற வேலைதான். லாரி என்ற வார்த்தையே அவர் வாயில் வராது, கமியோன் என்பார். காலையில் கமியோனைச் சுற்றி ஒரு நடை வருவார். டயரை ஒவ்வொன்றாகக் குச்சியால் தட்டிச் சத்தம் கேட்பார், அடியில் குனிந்து எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்று தரையைப் பார்ப்பார். எல்லாம் சரியென்றால் "போன்" என்று பிரெஞ்சில் ஒரு வார்த்தை, நல்லது என்று அர்த்தம். அந்தப் "போன்" கேட்டால்தான் ஆட்கள் சாமான் ஏற்றத் தொடங்குவார்கள். வேலைக்கு வைத்த டிரைவர் ஒருவர்கூட அவரிடம் நிலைக்கவில்லை. கிளட்சை மிதித்த மிதியில் ஒருவனை விரட்டினார், கியர் போட்ட சத்தத்தில் இன்னொருவனை விரட்டினார். என் கணவர் கணக்கும் வாடிக்கையும் பார்ப்பார். அப்பாவுக்கு எதிரே ஒரு வார்த்தை வராது. அதனால் வீட்டில் அவரோடு மல்லுக்கு நின்றவள் நான் ஒருத்திதான். காபியில் ஆரம்பித்து பந்தல் துணியை மடிக்கிற விதம்வரை எங்களுக்குள் சண்டை. விழுப்புரத்துப் பக்கத்திலிருந்து வாழ வந்தவள் என்பதால் "உங்க ஊர்ல இப்படித்தான் மடிப்பாங்களா?" என்பார். "எங்க ஊர்ல ஆம்பிளைங்க மடிப்பாங்க மாமா" என்பேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பார்.

தவக்காலம் வந்தால் கடை ஈ ஓட்டும். எங்கள் வாடிக்கையில் பாதி கிறிஸ்தவக் குடும்பங்கள். அந்த நாட்களில் கல்யாணம் வைக்கமாட்டார்கள். கமியோன் கொட்டகையில் தூங்கும். ஈஸ்டர் முடிந்ததும் தள்ளிப் போட்டிருந்த கல்யாணங்களை எல்லாம் ஒரேயடியாக வைப்பார்கள், எங்களுக்குச் சோறு தின்ன நேரம் இருக்காது. அந்த வருஷமும் அப்படித்தான். ஈஸ்டருக்குப் பிறகு எடுத்த முதல் பெரிய நடை, தவளக்குப்பத்தில் ஒரு வரவேற்பு. பின்னால் தேக்சாக்களும் நாற்காலிகளும் அடுக்கி, அதன் மேல் எங்கள் ஆட்கள் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மேடை ஜோடனை என் பொறுப்பு என்பதால் நானும் முன்னால் ஏறினேன். மேடைக்கான சிவப்புக் கம்பளம் புதிது. மடித்தால் தடம் விழும் என்று சுருட்டி, வண்டிக்குள் எனக்கும் மாமாவுக்கும் நடுவே நிறுத்தி வைக்கச் சொன்னவர் அவர்தான். அதனால் அவர் முகத்தில் பாதி எனக்குத் தெரிந்தது, கை தெரியவில்லை. பக்கத்தில் இருந்தும் அவரை நான் பார்க்காமல் போனது இதனால்தான்.

அரியாங்குப்பம் பாலத்துக்கு முன்னால் வரைக்கும் ஒழுங்காகத்தான் வந்தோம். நான்காவது கியரில் நல்ல ஓட்டம். ஏற்றத்தில் முன்னே போன பேருந்து சுணங்கியது. மூன்றாவதுக்கு இறக்க வேண்டும். கிளட்ச் மிதிபடுகிற சத்தம் கேட்டது, கியர் ஒருமுறை நறநறவென்றது, பிறகு கிளட்ச் விட்டார். அப்பா! அந்த எஞ்சின் போட்ட அலறல் இன்றும் காதில் கிடக்கிறது. அடிபட்ட மாடு கத்துமே, அது மாதிரி. வண்டி யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுத்ததுபோல் முடங்கியது. நான் கண்ணாடியில் போய் நெற்றியை இடித்துக்கொண்டேன். பின்னால் தேக்சாக்கள் கடகடவென்று சரிந்தன. "ஐயோ சொல்தா!" என்று மேலே இருந்தவர்கள் கத்தினார்கள். வண்டி கைப்பிடிச் சுவர் பக்கம் ஒரு இழுப்பு இழுத்து, திரும்பி நேரானது. "மெர்த்!" என்று மாமா பல்லைக் கடித்தார். அது பிரெஞ்சில் கெட்ட வார்த்தை. வீட்டில் அவர் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

பாலம் தாண்டி ஓரம் கட்டியதும் எஞ்சினை நிறுத்திவிட்டார். நான் இறங்கி ஓடிப்போய் மேலே பார்த்தேன். ஒருவன் தேக்சாவின் வாய்க்குள் குப்புற விழுந்து கிடந்தான். இன்னொருவன் தடுப்புப் பலகையைப் பிடித்துக்கொண்டு பாதி வெளியே தொங்கியிருக்கிறான். சிராய்ப்போடு போயிற்று. "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ஆத்துல கிடந்திருப்பேங்க்கா" என்றான். சிரித்துக்கொண்டுதான் சொன்னான், ஆனால் பலகையைப் பிடித்த பிடியை விடவில்லை. அவனுக்கு அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது.

மாமா அதற்குள் வண்டிக்கு அடியில் போயிருந்தார். அந்த வயதில் அந்த வெயிலில், தார் ரோட்டு ஓரத்தில் மல்லாந்து படுத்து, கியர் பெட்டிக்குக் கீழே விரலை ஓட்டி மோந்து பார்த்துக்கொண்டிருந்தார். "ஆயில் ஒழுகல. பெட்டி காயல" என்று தனக்குத்தானே பேசினார். பின்சக்கரத்துக்குப் போகிற நீளத் தண்டை ஆட்டிப் பார்த்தார், அதன் போல்ட்டுகளைத் தட்டிப் பார்த்தார். வெளியே வந்து கிளட்ச் பக்கம் மூக்கை வைத்தார். தீய்ந்த வாசம் எனக்கே அடித்தது. ரேடியேட்டர் ஆறும்வரை ரோட்டோரம் மேலும் கீழும் நடந்தார். மூடியைத் திறந்து தண்ணீரைப் பார்த்தார். மறுபடியும் அடியில் போனார். "மாமா, இன்னா ஆச்சு?" என்று கேட்டேன். "ரெண்டாவது விழுந்துடுச்சு. நாலுலேருந்து மூணு போட்டேன், ரெண்டு விழுந்துடுச்சு" என்றார். "எப்படி விழும்?" "லிவருல எங்கியோ தேஞ்சிருக்கு. அதான்." என் நெற்றி புடைத்திருந்ததை அவர் பார்க்கவே இல்லை. அப்போது எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

வேறு வண்டி வரவழைத்துச் சாமானை மாற்றினோம். வரவேற்பு எப்படியோ நடந்தது. எங்கள் வண்டியை மெக்கானிக் பாய் வந்து, ஸ்டார்ட் செய்து, காதை வைத்துக் கேட்டுவிட்டு, நத்தை மாதிரி ஓட்டிக் கடைக்குக் கொண்டுபோனார். அடுத்த சில நாட்கள் மாமா வீட்டில் இல்லை, பாய் கடையில்தான் குடியிருந்தார். நானும் சாப்பாட்டுத் தூக்கோடு போவேன், போனால் திரும்ப மனசு வராது. அந்த வண்டி நின்றால் எங்கள் கடை நின்றது. ஈஸ்டருக்குப் பிறகு வாங்கிப் போட்டிருந்த ஆர்டர் எல்லாம் கண் முன்னால் வந்து நிற்கும்.

அந்த வேகத்தில் இரண்டாவது விழுந்தால் என்னென்ன கெடும் என்று பாய் விரல் மடக்கிச் சொன்னார். எஞ்சின் தாங்க வேண்டிய சுற்றுக்கு மேல் சுற்றியிருக்கும், வால்வு வளைந்திருக்கலாம். கிளட்ச் பிளேட் சிதறியிருக்கலாம். கியர் பெட்டிக்குள் பல் உடைந்திருக்கலாம். ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். கியர் ஆயிலை வடித்து வெள்ளைத் துணியில் வடிகட்டினார்கள். கீழ் மூடியில் இருக்கும் காந்தத்தில் இரும்புத் துண்டு ஒட்டியிருந்தால் பல் போயிற்று என்று அர்த்தம். சாம்பல் மாதிரிக் கொஞ்சம் பொடி, வேறெதுவும் இல்லை. மேல் மூடியைக் கழற்றி வால்வுகளின் இடைவெளியைத் தகடு விட்டு அளந்தார்கள். எல்லாம் அது அது இருந்த இடத்தில் இருந்தது. கிளட்ச் பிளேட் ஒரு பக்கம் சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது, அதை மாற்றினார்கள். புகையைப் பார்த்தார்கள், வெள்ளையும் இல்லை நீலமும் இல்லை. கடைசியில் பாய் கையைத் துடைத்துக்கொண்டு, "சொல்தா, உங்க கமியோன் கல்லு மாதிரி இருக்குது. அல்லா காப்பாத்தினான். எடுத்துக்கினு போங்க" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. மாமாவுக்கு வரவில்லை. அதைத்தான் நான் கவனித்தேன். பழுது இல்லை என்று சொல்லச் சொல்ல அவர் முகம் சுண்டியது. "லிவர் புஷ்ஷு பாத்தியா பாய்?" என்றார். பார்த்தாயிற்று. "உள்ள ஃபோர்க்கு வளைஞ்சிருக்கும், தெறந்து பாரு." திறந்து பார்த்தாயிற்று. "சரியாப் பாரு." பாய் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மனிதரைச் சமாதானப்படுத்த, கியர் லிவருக்கு அடியில் வருகிற புஷ் வளையத்தைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். கழற்றிய பழைய புஷ்ஷை மாமா வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். தேய்மானமே இல்லாத புஷ் அது. எனக்கே தெரிந்தது.

அதன்பிறகு கதை மாறியது. லிவர் மேல் சொன்ன பழி நிற்கவில்லை என்றதும் வேறொன்றைக் கண்டுபிடித்தார். டீக்கடையில், எங்கள் கடை வாசலில், பூசை முடிந்து கோயில் படியில், கேட்டவர்களுக்கெல்லாம் அதே கதை. "பிரான்ஸ் கைப்பா அது! அங்க எங்க கமியோன்ல கியர் வரிசையே வேற. நாலுலேருந்து மூணுக்கு வரணும்னா, இடது பக்கம் தள்ளி, கீழ இழுக்கணும். இங்க நேரா மேல தள்ளினாப் போதும். அன்னிக்கு பஸ்காரன் திடீர்னு நின்னான் பாரு, கை பழைய நெனப்புல இடது பக்கம் தள்ளி கீழ இழுத்துடுச்சு. அங்க அது மூணு, இங்க அது ரெண்டு. வொய்லா, அவ்ளோதான்!" சொல்லிக்கொண்டே காற்றில் கியர் போட்டுக் காட்டுவார். கேட்டவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். "சொல்தாவுக்குக் கை மட்டும் இன்னும் பிரான்ஸ்லயே இருக்குது" என்பார்கள். என் கணவருக்கும் நிம்மதி. "பழக்க தோஷம், அவ்வளவுதான்" என்றார். அடுத்த சனிக்கிழமை பிள்ளைச்சாவடியில் ஒரு பெரிய கல்யாணம். அப்பாவே ஓட்டட்டும் என்று முடிவாயிற்று.

எனக்கு மட்டும் இருப்புக்கொள்ளவில்லை. எதைச் செய்தாலும் பாதியில் விட்டுவிடுவேன். பால் பொங்கி வழியும், அடுப்படியில் நின்றுகொண்டே பார்த்திருப்பேன். ஊர் திரும்பி எத்தனை காலம் ஆயிற்று? என் பெரிய மகன் பிறப்பதற்கு முன்பிருந்தே இந்தக் கமியோனை ஓட்டுகிறாரே, ஒருநாள்கூட வராத பிரான்ஸ் கை இப்போது எங்கிருந்து வந்தது? தடுப்புப் பலகையில் தொங்கியவனின் முகம் வேறு வந்து வந்து நின்றது. சனிக்கிழமையும் அவன் மேலேதான் உட்காரப் போகிறான். கணவரிடம் சொன்னேன். "நீ வேற, நெத்தியில அடிபட்ட கோவத்துல பேசற" என்றார். ஒருவேளை அப்படித்தானோ என்று எனக்கே சந்தேகம்.

வெள்ளிக்கிழமை மாலை, பங்குச் சாமியார் திருவிழா நாற்காலிக்குச் சொல்லிவிட்டுப் போகக் கடைக்கு வந்தார். மாமா அவருக்கும் கதையைத் தொடங்கிவிட்டார். நான் காபி கொண்டுவந்து இருவர் முன்னாலும் வைத்தேன். மாமா வலது கையால் டம்ளரை எடுத்தார், ஒரு வாய் குடித்தார், கீழே வைத்தார். அதே வலது கையால் காற்றில் கியர் போட்டுக் காட்டினார். இடது பக்கம் தள்ளி, கீழே. சாமியார் சிரித்தார். மாமா மறுபடி அதே கையால் டம்ளரை எடுத்தார். இடது கை மடியில் கிடந்தது, தூங்குகிற பூனை மாதிரி. நான் தட்டை மேசையில் வைத்துவிட்டு அந்தக் கையையே பார்த்தேன்.

பிரான்சில் டிரைவர் இடது பக்கம் உட்காருவார். கியர் அவருக்கு வலது பக்கம். அங்கே கியர் போட்டது இந்த வலது கை. நம் ஊரில் டிரைவர் வலது பக்கம், கியர் போடுவது இடது கை. மாமாவின் இடது கை பிரான்சில் ஒருநாளும் கியர் போட்டதில்லை. அதற்கு அந்த வரிசையே தெரியாது. அன்று பாலத்தில் கியர் போட்டது இடது கையாக இருந்திருந்தால் இந்தத் தப்பு நடக்கவே முடியாது! ஸ்டீயரிங்கைத் தாண்டி வலது கையைக் கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார். கம்பளத்தை நடுவில் நிறுத்தச் சொன்னது தடம் விழும் என்பதற்காக அல்ல, கை எனக்குத் தெரியாமல் இருக்கத்தான். வண்டியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் போட்டுப் பார்த்தோம், ஓட்டியவரை ஒருவரும் பார்க்கவில்லை.

அன்று சமைத்ததும் சாப்பிட்டதும் எனக்கு நினைவில்லை. கணவரிடம் சொன்னேன். முதலில் சிரித்தார், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார். "நீயே கேளேன். நான் கேட்டா மனுஷன் உடைஞ்சிடுவாரு" என்றார். நான் கேட்டால் உடையமாட்டாராமா? மாமனாரைப் பார்த்து, உன் கை செத்துக் கிடக்கிறது, இனி வண்டியைத் தொடாதே என்று மருமகள் சொல்வதா? சொல்லாமல் விட்டால் மேலே உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் கதி? படுக்கையில் புரண்டு புரண்டு விடிந்தது.

காலையில் கொட்டகைக்குப் போனேன். மாமா குச்சியோடு டயர் தட்டி முடித்திருந்தார். "போன்" என்றார். ஆட்கள் அண்டாவைத் தூக்க வந்தார்கள். "கொஞ்சம் நில்லுங்கப்பா" என்று சொல்லிவிட்டு நான் வண்டிக்குள் ஏறி இடது பக்க இருக்கையில் உட்கார்ந்தேன். நடுவில் இன்று கம்பளம் இல்லை. மாமாவும் ஏறினார்.

"நீ எதுக்கு ஏறின? பொண்ணு வீட்டுக்கு மத்தியானம்தானே போவணும்?"

"ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம் மாமா. புது கிளட்ச் எப்படி இருக்குதுன்னு பாக்கணும்."

சாவியைத் திருகினார். எஞ்சின் ஓடியது. கிளட்சை மிதித்தார். பிறகு ஒன்றும் நடக்கவில்லை. என்னைப் பார்த்தார். நான் உருண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய இடது கை மெல்லத் தொடையிலிருந்து எழுந்து உருண்டையின் மேல் வந்து உட்கார்ந்தது. உட்கார்ந்ததோடு சரி. விரல்கள் மூடவில்லை. தோளை அசைத்துப் பார்த்தார், கை வழுக்கிக் கீழே விழுந்தது. மறுபடி எடுத்து வைத்தார்.

"எறங்கும்மா. நீ பக்கத்துல இருந்தா கை வரமாட்டேங்குது."

அவர் சிரித்துக்கொண்டு சொன்னார். வாழ வந்த நாளிலிருந்து அந்த மனிதரை நான் தொட்டதில்லை. காபி டம்ளரைக்கூட மேசையில் வைத்துவிட்டுத்தான் நகர்வேன். அன்று என் கையை எடுத்து அவர் கையின் மேல் வைத்து, உருண்டையோடு சேர்த்து அழுத்தினேன். முழு பலத்தோடு அழுத்தினேன்.

"தெரியுதா மாமா?"

அவர் எதிரே கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"தெரியலம்மா" என்றார்.

"எப்பலேருந்து?"

"ஈஸ்டருக்கு முன்னாடி, பெரிய வியாழனுக்கும் முன்னாடியே. ஒருநாள் தூங்கி எழுந்தா கை மட்டும் எழுந்துக்கல. சரியாப் போயிடும்னு இருந்தேன்." பிறகு, "உன் புருஷன்கிட்ட சொல்லாத" என்றார்.

"சொல்லாம? மேல உக்காந்திருக்கவன் ஆத்துல போனப்புறம் சொல்லவா?" என்று கத்திவிட்டேன். கத்திக்கொண்டே அழுதேன். எனக்கு அழுகை வந்தால் கோபமும் கூடவே வரும். என் பிறவிக் குணம். சாவியைத் திருகி எஞ்சினை நிறுத்தி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன். அவர் தடுக்கவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். படம் எடுத்துப் பார்த்த டாக்டர், மூளையில் ஒரு சின்ன இரத்தக் குழாய் அடைத்திருக்கிறது, இது முதல் எச்சரிக்கை, அடுத்தது கையோடு நிற்காது என்றார். வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும்போது அது வந்திருந்தால் என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. பிள்ளைச்சாவடி கல்யாணத்துக்கு வாடகை வண்டியும் டிரைவரும் போனார்கள். என் கணவர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார்.

வீட்டுக்கு வந்த மாமா என்னோடு பேசவில்லை. நான் போட்ட காபி ஆறிக் கிடக்கும். பேரப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "உங்கம்மாதான் இப்ப இந்த வீட்டுக்கு கொமாந்தான், பட்டாளத்து அதிகாரி" என்பார், எனக்குக் கேட்கும்படியாக. சாவி எங்கே இருக்கிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை. ஆனால் காலையில் குச்சியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போவார். ஓடாத வண்டியின் டயரைத் தட்டுவார். "போன்" மட்டும் சொல்லமாட்டார். அதைப் பார்க்கிறபோது, நான் செய்தது சரி என்று தெரிந்தும், அங்கே நிற்க முடியாமல் உள்ளே போய்விடுவேன். சரியானதைச் செய்துவிட்டால் மனசு ஆறிவிடும் என்று யார் சொன்னது? எனக்கு ஆறவில்லை.

கைக்குப் பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரியில் ஒரு ரப்பர் பந்து தந்தார்கள். "நான் இன்னா சின்னப் புள்ளையா?" என்று அதைத் தூக்கி எறிந்தார். செய்தி பாய் காதுக்குப் போயிருக்கிறது. ஒருநாள் ஸ்பேனரோடு வந்தவர், யாரிடமும் கேட்காமல் கமியோனுக்குள் ஏறி, கியர் உருண்டையைத் திருகிக் கழற்றிக் கொண்டுவந்து மாமாவின் இடது கையில் வைத்தார். "இதப் புடிங்க சொல்தா. இது உங்க கைக்குத் தெரிஞ்ச சாமான்" என்றார். மாமா எறியவில்லை. அன்றிலிருந்து கடை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதை அமுக்கிக்கொண்டே இருப்பார். உருண்டை நழுவி உருண்டு ரோட்டுக்கு ஓடும், யாராவது எடுத்துக் கொடுப்பார்கள். வைகாசி போயிற்று, ஆனி போயிற்று. வெயிலில் கிடந்த உருண்டையை எடுத்து ஒருநாள் நானே அவர் கையில் வைத்தேன். அதுவரை பேசாத மனிதர் சட்டென்று என் முகத்தைப் பார்த்தார்.

"சுடுது" என்றார்.

"இன்னா மாமா?"

"சுடுதும்மா. தெரியுது."

நான் அங்கேயே அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவரும் அந்த ஒரு வார்த்தைக்குத்தான் காத்திருந்தார் போலிருக்கிறது. அன்று சாயங்காலம், "காபி தண்ணியா இருக்குது" என்று சண்டையைத் திரும்ப ஆரம்பித்தார். விரல்கள் மூடப் பழகின. ஆனாலும் சாவியைக் கேட்கவில்லை. நான் கொடுக்கவுமில்லை. வருகிற டிரைவர்கள் வழக்கம்போல ஓடிப்போனார்கள். "நீயே கத்துக்க. உன் வாய்க்கு எஞ்சினே பயப்படும்" என்று சொன்னவர் அவர்தான். டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து, லைசென்ஸ் வாங்கி, உருண்டையைத் திரும்ப மாட்டி, பழைய கமியோனை முதல்முறை அந்தப் பாலத்தில் ஏற்றியபோது, அவர் இடது பக்க இருக்கையில் இருந்தார். ஏற்றத்தில் நான்கிலிருந்து மூன்றுக்கு வர வேண்டும். ஓரக்கண்ணால் பார்த்தேன். தொடையின் மேல் அவருடைய வலது கை அசைந்தது. இடது பக்கம் தள்ளி, கீழே. நான் நேராக மேலே தள்ளினேன். வண்டி முனகாமல் ஏறியது. பாலம் தாண்டியதும், "போன்" என்றார்.

அவர் போய்விட்டார். கையினால் அல்ல, மழைக்காலத்துச் சளி நெஞ்சில் கட்டிப் போனார். கமியோனும் கிழண்டு விலைக்குப் போயிற்று. உருண்டையை மட்டும் கொடுக்கமாட்டேன் என்று நின்றேன்.

நேற்று தவளக்குப்பத்துக்கு ஒரு நடை. சாமானுக்கு மேல் ஆட்களை நான் உட்கார வைப்பதில்லை, அவர்கள் பின்னால் ஆட்டோவில் வருவார்கள். அதற்கு என் கணவர் முணுமுணுப்பார், முணுமுணுக்கட்டும். பாலத்தின் முன்னால் எப்போதும்போல ஒரு பேருந்து சுணங்கியது. கிளட்சை மிதித்தேன். எனக்கும் வயதாகிறது. காலையில் எழுந்ததும் விரல்களை மடக்கிப் பார்த்துக்கொள்கிற பழக்கம் வந்துவிட்டது, அதை வீட்டில் யாரிடமும் சொன்னதில்லை. வண்டி வெகுநேரம் வெயிலில் நின்றிருந்தது. இடது கையை உருண்டையின் மேல் வைத்தேன். சுட்டது. தேய்ந்துபோன மூன்றின் வளைவு உள்ளங்கையில் பட்டது.

"தெரியுது மாமா" என்றேன், காலியாக இருந்த பக்கத்து இருக்கையைப் பார்த்து. நேராக மேலே தள்ளினேன்.